மேக்னம் தோட்டாவை வீட்டிலேயே நிரப்புவது எப்படி? இலஞ்சிவாசிகளுக்கு மட்டும்

ஆரம்பிக்குமுன்

இந்த வேலைக்கு முதல் தகுதி, உங்கள் தாத்தா ஒரு துப்பாக்கியை விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். வயல், தென்னந்தோப்பு, ஆச்சியின் அட்டிகை எல்லாவற்றையும் சித்தப்பாமாரும் அத்தைமாரும் பிரித்துக்கொண்ட பிறகு, யாரும் பங்கு கேட்காமல் மச்சில் கிடக்கும் ஒரே சொத்து அதுவாகத்தான் இருக்கும். தோல் உறையைப் பிரித்தால் குழலின் மேல் லண்டன் என்று பொறித்திருக்கும். பக்கத்தில் .375 என்று ஓர் எண். அந்த எண்ணைப் பார்த்ததும் உங்களுக்குள் ஒரு ஜமீன்தார் எழுந்து உட்காருவார். அவரை அப்படியே உட்கார வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி இந்த .375 மேக்னம் தோட்டாவை வெளியிட்டது 1912இல். அதற்கு முந்திய வருஷம் ஜூன் 17ஆம் தேதிதான் நமக்குப் பக்கத்து ஊரான செங்கோட்டையின் வாஞ்சிநாதன் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டார். அது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. இந்தப் பக்கத்தில் யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போலீஸ் வருவது அன்றைக்கே பழகிப்போன சங்கதி. இன்று நீங்கள் விண்ணப்பம் நிரப்பும்போது அவர்கள் கேட்கும் கேள்விகளைப் புதிய தொல்லை என்று நினைக்காதீர்கள். 1799இல் மேஜர் பானர்மேன் நெல்லைச் சீமைப் பாளையக்காரர்களிடம் ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொன்ன நாளிலிருந்து சர்க்கார் நம்மிடம் கேட்டுக்கொண்டிருப்பது ஒரே கேள்விதான்.

மேக்னம் என்றால் என்ன என்று கேட்கும் மைத்துனருக்கு இப்படிச் சொல்லுங்கள். தோட்டாவில் நான்கு உறுப்பு: பித்தளைக் கூடு, அதன் அடியில் கேப், உள்ளே மருந்து, வாயில் குண்டு. இந்த .375இன் பெரிய குண்டு 300 கிரெய்ன். நம் கணக்கில் இரண்டரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைச்சல். அது குழலை விட்டுக் கிளம்பும் வேகம் நொடிக்குச் சுமார் 2,500 அடி. சத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கூட்டின் அடியில் அரைஞாண் கட்டியதுபோலப் பித்தளையிலேயே ஒரு வளையம் ஓடும். அந்த வளையம்தான் தோட்டாவைக் குழலுக்குள் சரியான இடத்தில் நிறுத்துகிறது. ஆப்பிரிக்காவில் யானைக்கும் காட்டெருமைக்கும் செய்த சாமான் இது. உங்கள் தாத்தா இதை வைத்து எதைச் சுட்டார் என்று கேட்டால், வீட்டில் ஆளுக்கொரு கதை வரும். மிளா என்பார் பெரியப்பா, கரடி என்பார் சித்தப்பா. சுவரில் மாட்டியிருக்கும் ஒற்றைக் கொம்பு, கோயில் திருவிழாவில் ஜவுளிக்கடைக்காரர் ஒருவரிடம் விலைக்கு வாங்கியது என்பார் ஆச்சி. ஆச்சியை நம்புங்கள்.

காகிதம்

சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் அடுப்பைப் பற்ற வையுங்கள் என்று ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். இங்கே அடுப்பைப் பற்ற வைக்கவே பல வருஷம் ஆகும்.

துப்பாக்கி தாத்தா பெயரில் இருக்கிறது. தாத்தா இல்லை. உரிமம் பெற்றவர் இறந்த பிறகோ, அவருக்கு 70 வயது ஆன பிறகோ, ஆயுதம் அவர் கையில் 25 வருஷம் இருந்த பிறகோ அதை வாரிசுக்கு மாற்றிக்கொள்ள 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகள் வழி வைத்திருக்கின்றன. வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மை, போலீஸ் விசாரணை என்று வரிசையாகப் போகும். வயலுக்காக உங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத அத்தை மகன், இந்தக் காகிதத்தில் கையெழுத்து வாங்க நீங்கள் போய் நிற்கும் நாளுக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தார் என்று அப்போது தெரியும்.

2019இல் சட்டத்தைத் திருத்தினார்கள். முன்பு ஓர் ஆளுக்கு மூன்று துப்பாக்கி, இப்போது இரண்டுதான். பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். ஆறுதல் என்னவென்றால், உரிமத்தின் ஆயுள் மூன்று வருஷத்திலிருந்து ஐந்தானது. அதே வருஷம் நவம்பர் 22ஆம் தேதி தென்காசி தனி மாவட்டமாகவும் ஆனது. ஆகையால் தாத்தாவின் கோப்பு பழைய கணக்குப்படி திருநெல்வேலிக்காரர், உங்கள் விண்ணப்பம் புதுக் கணக்குப்படி தென்காசிக்காரர். இருவரையும் ஒரே மேஜையில் சந்திக்க வைப்பது உங்கள் சாமர்த்தியம்.

இலஞ்சிக்காரர்களுக்கென்றே இன்னொரு சங்கதி. மேற்கே தெரியும் மலைக்காடுகளை 2015இல் நெல்லை வன உயிரினச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? சரணாலயத்துக்குள்ளோ அதிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்ளோ குடியிருந்து ஆயுத உரிமம் வைத்திருப்பவர், அறிவிப்பு வந்த மூன்று மாதத்துக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பெயர் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தூரத்துக்குள் புதிதாக உரிமம் தருவதென்றாலும் அவர் சம்மதம் வேண்டும். இலஞ்சியிலிருந்து கிளம்பி, குற்றாலம் மெயினருவியில் குளித்துவிட்டு வீடு திரும்பினாலும் பத்து கிலோமீட்டர் தேறுமா என்பது சந்தேகம். குமாரர் கோயில் தெருவில் குடியிருக்கும் உங்கள் துப்பாக்கிக்கு ஆட்சியர், காவல்துறை, வனத்துறை என்று மூன்று மாமனார்கள்.

தேர்தல் வந்தால் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். பாராளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று மாறி மாறி வருவதால் தாத்தாவின் துப்பாக்கி உங்கள் வீட்டைவிட ஸ்டேஷனை நன்றாக அறிந்திருக்கும்.

பாத்திரம் பண்டம்

இத்தனையும் முடித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்குப் போய்த் தோட்டா வாங்கினால் என்ன, எதற்கு நாமே நிரப்ப வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். துப்பாக்கிக் கடையில் உரிமப் புத்தகத்தை நீட்டுங்கள். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, புத்தகத்தைப் பார்த்து, உங்களைப் பார்த்து, "அண்ணாச்சி, பன்னெண்டு போர் கேளுங்க, தாரேன். முன்னூத்திப் பதினஞ்சு கேளுங்க, வரவழைச்சுத் தாரேன். இது எங்கெ கெடைக்கும்?" என்பார்.

அவர் சொல்லும் .315க்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. .303 ராணுவ ரகம், சிவிலியனுக்குக் கூடாது. அதனால் ராணுவத்தில் இல்லாத ஒரு விட்டத்தில் வேட்டைத் துப்பாக்கி வேண்டியிருந்தது. மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலை .315 செய்தது. இதே தமாஷை வெள்ளைக்காரன் முன்னமே நடத்திவிட்டான். .450 குண்டுகள் பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவத் துப்பாக்கிக்கு உதவும், கலகக்காரர் கைக்குப் போகும் என்று பயந்து 1907 வாக்கில் இந்தியாவுக்குள் அந்த ரகத்தைத் தடுத்தார்கள். உடனே லண்டன் கம்பெனிகள் .465, .470, .476 என்று தலைமுடி அளவுக்குத் தள்ளித் தள்ளிப் புது ரகங்களை இறக்கின. யானைக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. இந்தியாவில் தோட்டாவின் விட்டத்தை விலங்கு தீர்மானித்த காலமே கிடையாது. கஜெட் தீர்மானித்தது.

சரி, கடையில் இல்லை. தனியார் துப்பாக்கி இறக்குமதியும் 1980களின் நடுவிலேயே நின்றுபோயிற்று. அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மச்சினர், "இங்கே எல்லாரும் கார் ஷெட்டிலேயே நிரப்பிக்கிறாங்க அத்தான், ஒரு கைப்பிரஸ், நாலு டை, ஒரு தராசு, அவ்வளவுதான்" என்று போனில் சொல்வார். அவர் சொல்வது உண்மை. அங்கே அது ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு. அவர் தீபாவளிக்கு வரும்போது பெட்டியில் அந்தப் பிரஸ்ஸை வைத்து எடுத்துவரச் சொல்லலாமா என்று யோசிப்பீர்கள்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் 'வெடிபொருள், தோட்டா' என்பதற்கு விளக்கம் தரும்போது, அதன் உதிரிப் பாகங்களையும், அதைச் செய்யும் இயந்திரங்களையும் சேர்த்தே சொல்கிறது. அதாவது அந்தக் கைப்பிரஸ் சட்டத்தின் கண்ணில் பிரஸ் இல்லை, அதுவே தோட்டா. ஒரு பிடி மருந்தும் இல்லாமல், ஒரு குண்டும் இல்லாமல், ஓர் இரும்பு நெம்புகோலை மேஜையில் திருகி மாட்டிய மாத்திரத்தில் நீங்கள் தோட்டா வைத்திருப்பவர் ஆகிவிடுவீர்கள். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரித்தால் என்ன என்று 25ஆவது பிரிவு சொல்கிறது: ஏழு வருஷத்துக்குக் குறையாமல், ஆயுள் வரைக்கும். மச்சினரிடம் முந்திரிப் பருப்பு வாங்கி வரச் சொல்லுங்கள்.

கூடு

பேச்சுக்காக, சட்டம் கண்ணை மூடிக்கொண்டது என்றே வைப்போம். தாத்தாவின் பெட்டியில் பத்துப் பதினைந்து வெறுங்கூடுகள் கிடக்கும். கையில் எடுத்துப் பாருங்கள். அடியில் கைனாக் என்று வட்டமாக எழுத்து. கழுத்தில் பச்சைக் களிம்பு. மோந்து பார்த்தால் பழைய தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாடை. புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று வரும். ஆச்சியே தேய்த்துக் கொடுப்பார், ஊதுபத்தி செருக நல்ல சாமான் என்று.

அதோடு அதன் உபயோகம் முடிந்தது. அந்தக் காலத்துக் கேப்புகள் பலவற்றில் பாதரசக் கலவை உண்டு. வெடிக்கும்போது வெளியேறும் பாதரசம் பித்தளைக்குள் ஊறி அதை நொறுங்கவைத்துவிடும். பார்க்கப் பொன்போல இருக்கும், இன்னொரு முறை அழுத்தம் தாங்காமல் பிளக்கும். பிளக்கும் இடம் உங்கள் கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரம்.

கேப்பைக் கழற்றலாம் என்றால் அதுவும் சுலபமில்லை. அமெரிக்க மச்சினர் பழகிய கூட்டில் நடுவில் ஒரே துளை. ஊசியால் ஒரு குத்து, கேப் விழுந்துவிடும். உங்கள் கூட்டில் ஓரமாக இரண்டு சிறு துளை, நடுவில் ஒன்றுமில்லை. ஊசி வளைந்துதான் மிச்சம். இரட்டைத் துளை முறையைக் கண்டுபிடித்த பெர்டான் அமெரிக்கர். அதைப் பிடித்துக்கொண்டது ஐரோப்பா. ஒற்றைத் துளை முறையின் பாக்ஸர் இங்கிலீஷ்காரர். அதைப் பிடித்துக்கொண்டது அமெரிக்கா. சம்பந்திகள் வீடு மாறிப் போனதுபோல் ஆகிவிட்டது. அதன் பலனை இலஞ்சியில் நீங்கள் அனுபவிக்கிறீர்கள்.

மருந்து

இந்தத் துப்பாக்கிக்கு லண்டனில் முதலில் போட்ட மருந்து கார்டைட். அது பொடி இல்லை, சேமியா. நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு, கொஞ்சம் வாசலின் எல்லாம் பிசைந்து நூலாகப் பிழிந்தது. 1889இல் ஏபல், டூவர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் காப்புரிமை வாங்க, அது என் சரக்கு என்று டைனமைட் நோபல் தரப்பு கோர்ட்டுக்குப் போய்த் தோற்றது. இது நம் மாநிலத்துக்கும் அந்நியமான வஸ்து இல்லை. நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்து அருவங்காட்டில் 1903 வாக்கிலேயே கார்டைட் தொழிற்சாலை வந்துவிட்டது. மலை ரயிலில் ஊட்டி போனவர்கள் அந்த ஸ்டேஷன் பெயரைப் படித்திருப்பீர்கள். அதற்காகத் தூக்குச்சட்டியோடு வாசலில் போய் நிற்க வேண்டாம். அது ராணுவத் தொழிற்சாலை.

கிடைத்தாலும் போட முடியாது என்பதுதான் இதில் ரசமான இடம். இந்தக் கூட்டின் கழுத்து ஒடுங்கியது. கார்டைட் கத்தையை அந்த ஒடுங்கிய வாய் வழியாகச் செருக முடியாது. தொழிற்சாலையில் என்ன செய்தார்கள்? கூடு நேர்க்குழாயாக இருக்கும்போதே கத்தையைச் செருகி, அதற்கப்புறம் கழுத்தை நெரித்தார்கள். உள்ளே வெடிமருந்து இருக்க, வெளியே பித்தளையை இயந்திரத்தால் அழுத்தினார்கள். ஆகையால் தாத்தா காலத்து ருசியிலேயே தோட்டா செய்வேன் என்று பிடிவாதம் பிடிப்பவர் முதலில் ஒரு பித்தளைத் தொழிற்சாலை கட்ட வேண்டும்.

வெயிலுக்கும் இந்த மருந்துக்கும் ஆகாது. சூடு ஏற ஏறக் கார்டைட்டின் அழுத்தமும் ஏறும். சீமையில் சாதுவாக இருந்த தோட்டா சித்திரை மாதத்தில் பூட்டு திறக்காமல் இறுகிப்போகும். இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்ப என்றே அளவு குறைத்த தோட்டாக்களைத் தனியாகச் செய்தார்கள். மச்சில், ஓட்டுக்கு நேர் கீழே, எழுபது எண்பது கோடை கண்ட தோட்டா இப்போது என்ன மனநிலையில் இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"சிவகாசி பக்கத்துலதானே இருக்கு" என்று ஒரு குரல் எல்லாத் தெருவிலும் உண்டு. அந்தக் குரலுக்கு உரியவர் பெரும்பாலும் கைவிரல் ஒன்று குறைந்தவராக இருப்பார். பட்டாசு மருந்து படாரென்று ஒரே நொடியில் வெடிக்கப் பிறந்தது. தோட்டா மருந்து குண்டைக் குழல் நெடுகத் தள்ளிக்கொண்டு போகும்படி படிப்படியாக எரியப் பிறந்தது. முன்னதைப் பின்னதன் இடத்தில் போட்டால் குண்டு முன்னால் போவதற்குள் துப்பாக்கி பின்னால் வந்துவிடும். எத்தனை கிரெய்ன் போடுவது என்று நான் இங்கே எழுதுவேன் என்று எதிர்பார்த்தீர்களானால் இத்தனை நேரம் நீங்கள் படித்தது வீண்.

சாரல் காலக் குறிப்பு

பழைய கேப்புகளின் இன்னொரு குணம், வெடித்த பிறகு குழலுக்குள் உப்பு விட்டுச் செல்வது. சோற்றுப்பு மாதிரியே காற்றின் ஈரத்தை இழுக்கும். ஆனி ஆடியில் இலஞ்சியில் எந்தக் காற்றில் ஈரம் இல்லை? கொடியில் போட்ட வேட்டி மூன்று நாள் காய்வதில்லை, அப்பளம் நமத்துவிடுகிறது. ஒரு குண்டு சுட்ட துப்பாக்கியை அப்படியே மூலையில் சாத்தினால் ஆடி அமாவாசைக்குள் குழலின் உட்பக்கம் செம்மண் பூத்துவிடும். வெள்ளைக்கார ஷிகாரிகள் கூடாரத்துக்குத் திரும்பியதும் செய்த முதல் காரியம், கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரைக் குழலில் ஊற்றி உப்பைக் கரைத்து, துடைத்து, எண்ணெய் விடுவது. இது ஒன்றுதான் இந்தக் குறிப்பில் வீட்டிலேயே செய்யக்கூடிய காரியம். ரசத்துக்கு வைத்த பாத்திரத்தில் வெந்நீர் வைக்காதீர்கள்.

எதைச் சுடுவது

எல்லாம் கைகூடி, தோட்டா தயாராகி, துப்பாக்கியோடு திண்ணையில் உட்கார்ந்துவிட்டீர்கள். இனி?

1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று மலையில் இருக்கும் எதையும் சுடக் கூடாது. மிளா, கரடி, காட்டுமாடு, வரையாடு, யானை எல்லாம் உங்கள் தாத்தாவைவிடப் பத்திரமான காகிதம் வைத்திருக்கின்றன. வயலில் இறங்கும் காட்டுப்பன்றியையாவது என்று கேட்கலாம். கேட்கிறவர்களின் வயிற்றெரிச்சல் நிஜம். அறுப்புக்கு நிற்கும் நெல்லை ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போகிறது. வரப்பைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டிப் பார்க்கிறார்கள், தகரம் தட்டுகிறார்கள். அடிவாரத்துத் தோப்புகளில் யானை வந்து தென்னங்குருத்தை உரித்துப் போடுவதும் உண்டு. 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிக்கு ஒரு ஏற்பாடு அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் சுடலாம். சுடுவது யார் என்பதையும் அதிலேயே சொல்லிவிட்டார்கள்: பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர். தாத்தாவின் பேரன் என்ற தகுதி அதில் இடம்பெறவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேக்னம் இல்லாமல் வேட்டையே இல்லை என்று திண்ணையில் பேசுகிறவர்கள் ஜிம் கார்பெட் பெயரைத்தான் முதலில் இழுப்பார்கள். 1907இல் சம்பாவத் புலியைக் கொன்றதற்காக அவருக்குப் பரிசாகக் கிடைத்து, அவர் அதிகம் விரும்பிக் கையாண்ட துப்பாக்கி .275 ரிக்பி. நம் சேலம், தர்மபுரிக் காடுகளில் திரிந்த கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர். இரண்டும் மேக்னம் இல்லை. ஆட்கொல்லியைத் தேடி நடந்தவர்களுக்கே தேவைப்படாத வலு, மாங்காய்க்கு வரும் அணிலை மட்டுமே எதிரியாகக் கொண்ட உங்களுக்கு எதற்கு என்று ஆச்சி கேட்டால் பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அவர் அதோடு நிறுத்தவும் மாட்டார். "ஏல, அந்தச் சனியனக் கொண்டுபோய் டேஷன்ல குடுத்துட்டு வாலே, மச்சுல நெல்லு போடணும்" என்பார்.

மீதமிருந்தால்

பெட்டியின் அடியில் நிரம்பிய பழைய தோட்டாக்கள் சில கிடந்தால், இனி விளையாட்டுப் பேச்சு வேண்டாம். குலுக்கிப் பார்க்காதீர்கள், குண்டை இடுக்கியால் பிடுங்காதீர்கள், குப்பையோடு எரிக்காதீர்கள், சிற்றாற்றில் வீசாதீர்கள். கோடையில் தண்ணீர் வற்றியதும் அதைப் பொறுக்குவது பிள்ளைகள்தான். வெயில் படாத இடத்தில் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்கள்.

துப்பாக்கிக்கும் அதுவே வழி. உரிமம் காலாவதியாகியிருந்தாலும், உரிமம் உள்ளவர் இறந்துபோயிருந்தாலும், தாமதிக்காமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவு. வாரிசாக உரிமம் கேட்பதோ விற்பதோ அதற்கப்புறம் ஆற அமரச் செய்யலாம். ஒப்படைக்கும்போது துப்பாக்கியின் எண், குழலில் உள்ள எழுத்து, தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதச் சொல்லி, முத்திரையோடு ரசீது வாங்குங்கள். ரசீது வாங்காமல் மட்டும் வீட்டுக்கு வராதீர்கள்.